சிவாஜினி தனியாகப் போகும் இடம்

என் மனைவி சிவாஜினி தனியாகப் போய் இரண்டு நாள் கூடாரத்தில் இருந்துவிட்டு வந்தால் முகம் தெளிந்து வருகிறாள். மனைவியின் முகம் தெளிந்ததைப் பார்த்துச் சந்தோசப்படுகிற புருசன் எங்காவது இருந்தால் அவனுக்கு ஒரு கும்பிடு. நான் அந்த வகை இல்லை. எனக்கு வயிறு எரியும்.

அவள் போகிற இடம் பெரிய காடு ஒன்றும் இல்லை. பாரிஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. லுவான் என்ற சின்ன ஆற்றின் கரையில், காசு கட்டிக் கூடாரம் அடிக்கிற ஒரு காம்பிங். இரண்டு வருடத்துக்கு முன், அவள் வேலை செய்கிற குழந்தைகள் காப்பகத்துப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து போனார்கள். அடுத்த முறை மற்ற மூன்று பேருக்கும் வசதிப்படவில்லை. இவள் தனியாகப் போனாள். அதற்குப் பிறகு அவர்களைக் கூப்பிடவே இல்லை. ஆறு கிழமைக்கு ஒருதரம், வெள்ளிக்கிழமை பின்னேரம் முதுகில் பையோடு இறங்கினால் ஞாயிறு பின்னேரம்தான் வருவாள். அந்த இரண்டு நாளும் போனை நிறுத்தி வைத்துவிடுவாள். ஒருமுறை நான் பதினேழு தரம் அடித்துப் பார்த்தேன்.

பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் நானும் யோகநாதனும் பதினொரு வருடமாக ஒன்றாக நிற்கிறோம். அவன் மரக்கறிப் பக்கம், நான் மீன்பெட்டிப் பக்கம். அவனிடம் சொல்லியிருக்கக் கூடாது. வாய் சும்மா இருக்கவில்லை, சொல்லிவிட்டேன்.

"தனியவோ?" என்றான்.

"தனியத்தான்."

"மச்சான், எங்கடை பொம்பிளையள் தனிய உடுப்புத் தோய்க்கிற கடைக்கே போகமாட்டினம். உன்ரை மனிசி தனியக் காட்டுக்குப் போறா. நீ இஞ்சை நிண்டு விளைமீன் செதில் வழிக்கிறாய்."

அவன் பகிடிக்குத்தான் சொன்னான். எனக்கு அது பகிடியாகப் போய்ச் சேரவில்லை.

இதைவிட என்னைப் பிடித்து ஆட்டியது வேறொன்று. ஒவ்வொரு முறையும் அவள் ஒரு பாடத்தோடு திரும்பி வந்தாள். முதல்முறை வந்து உடுப்புத் தோய்க்கப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "இருட்ட முதல் கூடாரத்தை அடிச்சிட வேணும். இருட்டினாப் பிறகு கயிறு எங்கை, முளை எங்கை எண்டு தெரியாது. கதைக்கிற விசயமும் அப்பிடித்தான். கோவம் வாறதுக்கு முதலே கதைச்சுப்போட வேணும்." அடுத்தமுறை, சுமந்து போவதில் பாதி தேவையில்லாதது என்று கண்டுபிடித்து வந்தாள். வந்த கையோடு அலுமாரிக்கு மேலிருந்த என் மூன்று பழைய சூட்கேசுகளையும் கீழே கொண்டுபோய் எறிந்தாள். பிறகு ஒருமுறை, மகள் லக்சிகா கைதவறி ஒரு பெரிய கண்ணாடிச் சட்டியை உடைத்தபோது இவள் சத்தமே போடவில்லை. குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள்.

"என்ன, ஒண்டும் சொல்லாமல் இருக்கிறீர்?" என்று கேட்டேன்.

"மழை பெய்யேக்கை கூடாரத் துணியை உள்ளுக்காலை தொடக்கூடாது. தொட்ட இடத்தாலை ஒழுகும். சிலதுகளைத் தொடாமல் விடவேணும்."

"உது ஆர் சொல்லித்தந்தது?"

"ஒருத்தரும் சொல்லித்தரேல்லை. சும்மா இருந்து பாத்தால் விளங்கும்."

சும்மா இருந்து பார்த்தால் விளங்குமாம். நான் பதினெட்டு வருடமாக அவளோடு ஒரே வீட்டில் இருந்து பார்க்கிறேன், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காப்பகத்தில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு வருகிறவள் திடீரென்று இப்படிக் கதைக்கிறாள் என்றால் பின்னால் ஒரு வாத்தியார் இருக்க வேண்டும். வாத்தியாருக்குத் தாடி இருக்கும். கிற்றார் வாசிப்பான். காலையில் அவளுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுப்பான். இப்படியே நான் அவனுக்கு ஒரு உருவம் கொடுத்து, சட்டையும் போட்டு, கடைசியில் பெயரும் வைத்துவிட்டேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்போது வெட்கம் வரவில்லை, நித்திரைதான் வரவில்லை.

நேரே போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். அவள் வீட்டில் நிற்கிற ஒரு சனி ஞாயிறாகப் பார்த்துப் போக வேண்டும். அவள் இல்லாத இடத்தில் அவளைப் பற்றி விசாரிப்பதுதான் சுகம். ஆனால் வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போவது?

செத்தவீடுதான். எங்கள் ஆட்களில் செத்தவீட்டுக்குப் போகிறவனை யாரும் மறிக்க மாட்டார்கள். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு ரூ பஜோல் தெருவில் இருக்கிற பிள்ளையாருக்குத் தேர். சொந்தக்காரர் யாரையாவது சாகடித்தால் துடக்கு வந்துவிடும், குடும்பமே கோயிலுக்குப் போக முடியாது. ஆகவே சொந்தம் இல்லாத ஒருவரைத் தேடினேன். ஸ்ட்ராஸ்பூரில் இளையதம்பி என்று ஒருவரைப் படைத்து, முன்பு என்னோடு கடையில் நின்றவர் என்று சொல்லி, மாரடைப்பில் அனுப்பிவைத்தேன்.

"பாவம். எத்தினை வயசு?" என்று கேட்டாள் சிவாஜினி.

"அறுபத்திரண்டு."

"பிள்ளையள்?"

"ரெண்டு பேர்." அந்தப் பிள்ளைகளுக்காக எனக்கே கொஞ்சம் கவலையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கடையில் அரைநாள் லீவு எடுத்து, மலிவாக வாங்கிய ஒரு கூடாரத்தோடு ரயில் ஏறினேன். காம்பிங்கின் வாசலில் ஒரு மரக்குடில், உள்ளே ஜெர்மேன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி, அறுபத்தைந்து வயது இருக்கும். பதிவுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள்.

இங்கேதான் நான் என் மடத்தனத்தைக் காட்டினேன். எங்கள் ஆட்கள் எங்கே போனாலும் இன்னாரின் ஆள் என்று சொல்லித்தான் உள்ளே காலை வைப்போம். கலியாணவீட்டில் நிற்பவரிடம் மாப்பிள்ளையின் தகப்பனின் சித்தி மகன் என்போம். அது பழக்கம், நாக்கிலேயே இருக்கும். ஒளித்து வேவு பார்க்கப் போனவன் வாசலில் நின்று நெஞ்சை நிமிர்த்தி, "நான் சிவாஜினியின் கணவர்" என்றேன்.

ஜெர்மேன் எழுந்து வந்து என் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள்.

"பாடுகிற பெண்ணின் கணவரா! கடைசியில் உங்களையும் பார்த்துவிட்டோம்!"

வேறு யாரையோ நினைத்துக்கொண்டு சொல்கிறாள் என்று எண்ணினேன். சிவாஜினி பாடமாட்டாள். பாட்டுப் போட்டுக் கேட்கவும் மாட்டாள். நான் திருத்தப் போகவில்லை. "அவருடைய இடத்தையே உங்களுக்குத் தருகிறேன்" என்று ஆற்றங்கரையில் நாலு மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு புல்தரையைக் காட்டினாள்.

கூடாரத்தை அடிக்க ஒன்றரை மணி நேரம் எடுத்தது. அடித்து முடித்து, துப்பறியத் தொடங்கினேன். சிகரெட் கட்டை இருக்கிறதா என்று புல்லுக்குள் கிளறிப் பார்த்தேன். இரண்டு கதிரை வைத்த தடம் இருக்கிறதா என்று பார்த்தேன். மரத்தில் ஒரு துண்டுக் கயிறு கட்டியிருந்தது, துவாய் காயப்போட. தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு தட்டையான கல். அதில் ஒருவர்தான் இருக்கலாம். நான் இருந்து பார்த்தேன், பாதிதான் கொண்டது. இரண்டு பேர் இருக்க வழியே இல்லை. அதைக் கண்டு மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. ஆள் இருந்தால் சண்டை பிடிக்கலாம். கல்லோடு என்ன செய்வது?

சனிக்கிழமை காலையில் யோகநாதனுக்கு மூன்று தரம் போன் எடுத்தேன். மூன்றாவது தரம் கதைத்துக்கொண்டிருக்கும்போதே பற்றரி செத்துப்போனது. பிறகு ஆற்றில் போன வாத்தைப் பார்த்து "எங்கை போறாய்?" என்று கேட்டேன். அடுப்பைப் பற்றவைக்கும்போது அடுப்போடு கதைத்தேன். பாணை வெட்டிக்கொண்டே, நேற்று ரயிலில் முன்னால் இருந்தவன் எப்படிக் கால் நீட்டினான் என்று விளங்கப்படுத்தினேன். யாருக்கு? ஒருவருக்கும் இல்லை. பதினொரு மணி போல திடீரென்று வாயை மூடினேன். அப்போதுதான் தெரிந்தது, விடிந்ததிலிருந்து அந்த ஆற்றங்கரையில் கேட்டது முழுக்க என்னுடைய குரல்.

வீட்டிலும் அப்படித்தான். காலையில் எழும்பினால் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கனடாவோடு கதைப்பேன். குளித்துக்கொண்டே கதவுக்கு வெளியே நிற்பவளோடு கதைப்பேன். சாப்பிடும்போது மீன்பெட்டிக்கு வந்த வாடிக்கையாளர்களின் கதை. மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் வீடு இரண்டு அறையும் ஒரு குசினியும். அதற்குள் என் குரல் போகாத மூலை இல்லை. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சும்மா இருந்ததில் விளங்கியது. அவள் சொன்னது சரியாகிவிட்டதே என்று அதற்கும் எரிச்சல் வந்தது.

மத்தியானம் மழை பிடித்தது. உள்ளே படுத்திருந்து, பார்ப்போமே என்று விரலால் துணியைத் தொட்டேன். தொட்ட இடத்தால் ஒழுகியது. துடைக்கப் போய் இன்னும் நாலு இடத்தில் தொட்டேன். நாலாலும் ஒழுகியது.

அந்த நேரம் வெளியே யாரோ கூப்பிட்டார்கள். மழைச்சட்டை போட்ட ஒரு கிழவர், கையில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் கயிறும். ஜெர்மேனின் புருசன், லூசியன். ஒரு சொல்லும் கேட்காமல் விரிப்பை மரங்களுக்கு நடுவே இழுத்து என் கூடாரத்துக்கு மேலே கட்டினார்.

"உங்கள் மனைவிக்கு இது ஒருநாளும் தேவைப்படவில்லை" என்றார்.

"அவர் கெட்டிக்காரி" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

"காலையில் அவர் அந்தக் கல்லில் இருந்து பாடுவார். நான் புல் வெட்டிக்கொண்டிருந்தால் மெசினை நிறுத்திவிடுவேன். எனக்கு உங்கள் மொழி தெரியாது. ஆனாலும் நிறுத்துவேன்."

"கனநேரம் பாடுவாரா?"

"அந்தப் பக்கத்துப் புல்லைப் பாருங்கள்" என்று சிரித்தார். உண்மைதான், அந்தப் பக்கம் மட்டும் புல் முழங்கால் வரை நின்றது. பிறகு அவர் கேட்டார்: "வீட்டிலும் பாடுவாரா?"

"ஓ, எப்போதும்" என்றேன்.

அவர் போய்விட்டார். நான் விரிப்புக்குக் கீழே இருந்தேன். எழுபது வயதுக் கிழவர் மீது எனக்கு வந்த பொறாமையைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. தாடிக்காரனாக இருந்திருந்தால் கூட இவ்வளவு எரிந்திருக்காது. இந்த மனிதன் என் பெண்சாதியின் குரலைக் கேட்டிருக்கிறான். புல்லை வெட்டாமல் விட்டுவிட்டுக் கேட்டிருக்கிறான். நான் கேட்டதில்லை.

கேட்டதில்லை என்பது பொய். ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

சிவாஜினி கலியாணம் முடித்து வந்த புதிதில் எங்கள் மார்க்ஸ் டோர்மோய் வீட்டில் நாங்கள் மட்டும் இல்லை. நாலு பெடியள் வாடகைக்கு இருந்தார்கள். முன் அறையில் அவர்கள், பின் அறையில் நாங்கள், இடையில் கதவு இல்லை, ஒரு திரைச்சீலை. அந்தக் காலத்தில் எல்லாருக்கும் அப்படித்தான். வந்து நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, காலையில் அவள் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டு பாடினாள். நல்ல குரல். நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு நின்று கேட்டேன். அப்போது பெடியளில் ஒருவன், சேந்தன், தேத்தண்ணிக் கோப்பையோடு போய்ச் சொன்னான்: "அண்ணி, நல்லாப் பாடுறீங்கள். இன்னொருக்கால் பாடுங்கோ."

அவ்வளவுதான் அவன் சொன்னது. மரியாதையாகத்தான் சொன்னான். அன்று அவன் வேலைக்குப் போனதும் நான் குசினிக்குப் போய், "இஞ்சை பெடியள் இருக்கிறாங்கள். பாடாதையும்" என்றேன். "ஓம்" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு பாடவில்லை.

இரண்டு வருடத்தில் பெடியள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். சேந்தன் கலியாணம் முடித்து லண்டனுக்குப் போய்விட்டான். திரைச்சீலையைக் கழற்றி நானே கதவு போட்டேன். லக்சிகா பிறந்தாள், பள்ளிக்கூடம் போனாள், இப்போது லீசேயில், பெரிய வகுப்பில் படிக்கிறாள். பதினாறு வருடம். இனிப் பாடலாம் என்று அவளுக்குச் சொல்ல எனக்கு ஞாபகமே வரவில்லை.

மழை விட்டும் நான் எழும்பவில்லை. அழுதேன் என்று சொன்னால் யோகநாதன் சிரிப்பான், ஆனால் அழுதேன். வாத்தியாரைத் தேடிப் போன இடத்தில் குற்றவாளியைத்தான் கண்டுபிடித்தேன், அவனுக்கு மீன் மணம். நாளைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அவளிடம் பாடச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததும் மனம் லேசாகியது. ஒரு சொல்லில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கதவைத் திறந்தவள் என்னை உள்ளே வரவிடவில்லை. "செத்தவீட்டாலை வாறீங்கள். ஒண்டிலையும் தொடாமல் நேரை குளிக்கப் போங்கோ" என்றாள். பிறக்கவே பிறக்காத மனிதனுக்காகத் தலை முழுகினேன். துவாயோடு குசினிக்கு வந்தேன். அவள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நோட்டீஸ் பாத்தனான்" என்றாள்.

"என்ன நோட்டீஸ்?"

"மரண அறிவித்தல். இளையதம்பியின்ரை முகம் எப்பிடி இருக்கும் எண்டு பாப்பம் எண்டு வெள்ளிக்கிழமையே தேடினன். ஒண்டிலையும் இல்லை. எங்கடை ஆக்களிலை படம் போட்டு, மருமக்கள், பேரப்பிள்ளையள் பேர் எல்லாம் போட்டு நோட்டீஸ் விடாத செத்தவீடு இருக்கோ?"

எத்தனை கவனமாகத் துடக்கைப் பற்றி யோசித்தேன்! நோட்டீஸை மறந்துவிட்டேன். கதிரையில் இருந்தேன். அவள் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"வேறை பொம்பிளை எண்டு நினைச்சீரோ?" என்று கேட்டேன்.

"ஒரு அஞ்சு நிமிசம் நினைச்சன்" என்றாள். "பிறகு யோசிச்சுப் பாத்தன். உங்களுக்கும் எங்கையோ ஒரு இடம் கிடைச்சிட்டுதாக்கும் எண்டு. சொல்ல வெக்கப்பட்டுப் பொய் சொல்லிப்போட்டுப் போறார் எண்டு. எனக்கு உண்மையிலேயே சந்தோசமாய் இருந்தது. இனி நான் வெளிக்கிடேக்கை முகத்தை நீட்டமாட்டார் எண்டு லக்சிகாவுக்கும் சொன்னனான்."

கத்தியைக் கீழே வைத்தாள்.

"இண்டைக்கு மத்தியானம் ஜெர்மேன் மெசேஜ் போட்டவ. உங்கடை படத்தோடை. என்ரை கல்லிலை இருக்கிறீங்கள்."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வேறொன்று வந்தது. "நீர் பாடுறீராம்."

"ஓம்."

"இஞ்சையும் பாடலாம். அண்டைக்கு நான் பாடவேண்டாம் எண்டு சொன்னது பிழை. பெடியள் போய் எத்தினை வருசம். இனிப் பாடும். எனக்குக் கேக்க வேணும்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

"அண்டைக்குப் பாடாதை எண்டு சொன்னீங்கள். இண்டைக்குப் பாடு எண்டு சொல்லுறீங்கள்" என்றாள். "ரெண்டும் நீங்கள்தானே சொல்லுறீங்கள். அங்கை என்னை ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறேல்லை. அதாலைதான் எனக்குப் பாட்டு வந்தது."

கத்தரிக்காயைத் தண்ணீருக்குள் போட்டாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு அது பெரிய காரியம்.

தேர் வந்தது, போனது. அவள் என்னோடு சாதாரணமாகவே இருந்தாள், சாப்பாடு போட்டாள், சிரித்தாள். தேர் முடிந்து மூன்றாம் கிழமை வெள்ளிக்கிழமை பின்னேரம் பையைக் கட்டினாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

"ஜெர்மேனுக்கும் லூசியனுக்கும் நான் கேட்டதெண்டு சொல்லும்" என்றேன்.

"நான் இனி அங்கை போறேல்லை."

"ஏன்?"

"அது இப்ப நீங்களும் போன இடம்." சப்பாத்துக் கயிற்றைக் கட்டி முடித்து நிமிர்ந்தாள். "வேறை இடம் பாத்திருக்கிறன். லக்சிகாவுக்குத் தெரியும். ஏதும் அவசரம் எண்டால் அவள் அந்த இடத்துக்குப் போன் எடுப்பாள்."

பையை நான் தூக்கினேன். மெட்ரோ வாசல் வரை கூட நடந்தேன். இரண்டு வருடமாக அவள் பையை நான் தூக்கியதில்லை. வழியில் கதைக்காமல் வந்தேன், அது அவளுக்கே புதினமாக இருந்திருக்கும், இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். படிக்கட்டில் பையை வாங்கிக்கொண்டு, "போட்டு வாறன்" என்றாள். இறங்கிப் போனாள். கீழே எந்தத் திசை மேடைக்குப் போகிறாள் என்று பார்த்தாலே பாதி பிடித்துவிடலாம். மூன்று படி இறங்கினேன். நின்றேன். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி ஏறினேன்.

வீட்டில் லக்சிகா குசினி மேசையில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். அந்தத் தலைக்குள், எனக்கு ஒரு முழம் தூரத்தில், என் மனைவி எந்த ஆற்றங்கரையில் இருந்து பாடப் போகிறாள் என்பது இருக்கிறது. என் சொந்த மகள் மீதே எனக்குப் பொறாமை வந்தது. தேத்தண்ணி போட்டேன். குடிக்கவில்லை. போனை எடுத்தேன், கனடாவுக்கு அடிக்காமல் கீழே வைத்தேன். கதிரையை இழுத்து இருந்தேன், எழும்பினேன், யன்னலைத் திறந்தேன், மூடினேன்.

லக்சிகா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, பிரெஞ்சில், மெதுவாக, "அப்பா, எங்கே என்று சொல்லவா?" என்று கேட்டாள்.

வயிறு எரிந்தது. ஒரு சொல் போதும்.

"வேண்டாம்" என்றேன். பொய்தான். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவளுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.